நான் என்பது யாது? வானநூலறிஞர் லெ ழாந்தியின் வரலாறு

புதுச்சேரி நகரினின்று கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வார்க்கு, அரியாங்குப்பத்து ஆற்றைக் கடந்ததும் வீராம்பட்டினம் என்னும் பரதவர் ஊர் எதிர்ப்படும். ஆடித் திங்களில் நிகழும் செங்கழுநீரம்மன் தேர்விழாவால் பெயர் பெற்றது அவ்வூர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடந்தொட்டுத் தேரோட்டத்தைத் தொடங்கிவைத்தல் வழக்கமாயிருந்தது. ஆட்சி மாறிய பின்னும் அவ்வழக்கம் மாறவில்லை. ஊரை அடுத்து ஆற்றங்கரையில் உள்ளதே அரிக்கமேடு. 1945-ஆம் ஆண்டில் வீலர் என்பார் அங்கே அகழ்ந்து, உரோம நாட்டோடு தமிழர் செய்த பழைய வாணிகத்தின் சான்றுகளை வெளிக்கொணர்ந்தமையை நம் மாணவர் பலரும் அறிவர். ஆயினும் வீலருக்கு ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகட்கு முன்னரே வீராம்பட்டினத்து மணல்வெளியில் நின்று, அவ்விடத்தின் பழமையை ஏட்டில் எழுதிவைத்தவர் ஒருவர் உளர்.

அவரே கிய்யோம் லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர். வானத்தைக் காண வந்த அவர், மண்ணில் அரைவரை புதைந்து கிடந்த கற்சிலை ஒன்றையும் கண்டார். நிலைபேறுடைய ‘நான்’ என ஒரு பொருள் இல்லை என்று போதித்த புத்தர் பெருமானின் சிலை அது. அதனைக் கண்டு சென்றவரோ, தம் நாடு திரும்பியபோது, தாம் இறந்துபட்டதாக ஊரார் எண்ணியிருக்கவும், தம் பதவியும் பொருளும் பிறர் கைப்பட்டிருக்கவும் கண்டு, தாம் தாமே என்று நிலைநாட்ட வேண்டியவரானார். இவ்விரண்டும் ஒருவர் வாழ்விலேயே வந்து பொருந்தியமை எமக்கு வியப்பளிப்பது. தத்துவ வகுப்பில் ‘நான்’ என்பது யாது என்ற ஆராய்ச்சி எழும்போதெல்லாம் எம் உள்ளம் நூல்களை விட்டு இம்மனிதரிடமே சென்றுவிடுகின்றது. ஆகலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

லெ ழாந்தி 1725-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், பிரான்சு தேசத்து நார்மண்டிப் பகுதியிலுள்ள குத்தான்சு நகரில் பிறந்தார். குடிப்பிறப்பு உயர்ந்தது, செல்வம் அத்துணைப் பெரிதன்று. குருவாதற்குரிய வேதசாஸ்திரம் கற்கவே அவரைப் பாரிசு நகருக்கு விடுத்தனர். அங்கே தெலீல் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரின் வானநூல் விரிவுரையை ஒருநாள் கேட்கச் சென்றார், சென்றவர் மீளவில்லை. குருவாகக் கருதி வளர்க்கப்பட்ட இளைஞர் வானநூலாராகிவிட்டார். கசீனி என்பார் அவரைப் பாரிசு வானாய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். 1749-இல், அந்திரோமேதா என்னும் பெரிய வான்முகிலின் அருகே அதனை அடுத்து ஒளிரும் சிறு முகிலொன்றை முதன்முதற் கண்டவர் இவரே. 1753-இல் அரசர் ஆதரவில் விளங்கிய அறிவியற் கழகத்தின் உறுப்பினராயினார். அக்கழகத்தின் இருக்கை பின்னர் இவ்வரலாற்றில் மீண்டும் வரும். ஆதலின் அதனை நினைவில் இருத்துக.

வெள்ளி என்னும் கோள் ஞாயிற்றின் முகத்தைக் குறுக்கே கடந்து செல்லும் காட்சி மிக அரியது. எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நிகழும். பின்னர் நூறாண்டுக்கு மேலும் நிகழாது. கரும்புள்ளி போன்று அது கடந்து செல்லும் நேரத்தை உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்து அளந்து ஒப்பிட்டால், ஞாயிறு நமக்கு எத்துணைத் தொலைவில் உளதென்று கணக்கிடலாம் என்று ஆங்கில அறிஞர் ஹாலி காட்டியிருந்தார். 1761-ஆம் ஆண்டு சூன் 6-ஆம் நாள் அக்காட்சி நிகழவிருந்தது. பல நாட்டு அறிஞரும் பல திசைகட்குப் புறப்பட்டனர். லெ ழாந்திக்குக் குறித்த இடம் புதுச்சேரி. 1760-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26-ஆம் நாள் அவர் கப்பலேறினார்.

அக்காலம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத காலம். லெ ழாந்தி, இன்று மொரீசியசு என வழங்கும் தீவை அடைந்து, அங்கே மாதக்கணக்கில் கப்பலுக்குக் காத்திருந்தார். ஒருவாறு கிடைத்த போர்க்கப்பலிற் புறப்பட்டு மலையாளக் கரையை நெருங்கியபோது, மாகியும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைப்பட்டன என்னும் செய்தி எட்டியது. 1761 சனவரியிலேயே புதுச்சேரி வீழ்ந்துவிட்டது. கப்பல் வந்த வழியே திரும்பிற்று. சூன் 6-ஆம் நாள் வானம் தெளிவாகவே இருந்தது. வெள்ளி ஞாயிற்றைக் கடந்தது. லெ ழாந்தியும் கண்டார். ஆனால் அவர் நின்றது நடுக்கடலில், ஆடும் மரக்கலத்தின் தளத்தின்மேல். ஊசற் கடிகாரம் அங்கே ஓடாது; கலம் நின்ற இடத்தின் நெட்டாங்கும் திட்டமாகத் தெரியாது. ஆகலின் கண்டும் காணாதவரே ஆயினார்.

மற்றொருவராயின் வீடு திரும்பியிருப்பர். இவரோ, அடுத்த காட்சி 1769-இல் நிகழும், அதுவரை இக்கடற்பகுதியிலேயே தங்குவதென்று உறுதிகொண்டார். எட்டாண்டு! நம்முள் எட்டு வாரம் ஒரு கருத்தில் நிலைத்து நிற்பார் எத்துணைப் பேர்? மடகாசுகரின் கீழ்க்கரையை அளந்து படம் வரைந்தார். அந்நாட்டு மக்கள், காற்று, ஓதம் ஆகியவற்றையெல்லாம் குறித்துவைத்தார். 1766-இல் மணிலாவுக்குச் சென்றார். ஆங்கே ஆண்ட இசுபானியக் கவர்னர் இவரை ஐயுற்றார். அறிவியற் கழகமும் புதுச்சேரிக்கே செல்லுமாறு எழுதிற்று. 1763-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரர்க்கு மீண்டுவிட்ட புதுச்சேரியில், 1768-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் லெ ழாந்தி கால் வைத்தார்.

நகர் இடிபாடாய்க் கிடந்தது. ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் தகர்த்துச் சென்றிருந்தனர். கவர்னர் லா என்பார் இவரை அன்போடு வரவேற்று, அவ்விடிபாட்டின்மேலேயே ஒரு வானாய்வுக்கூடம் கட்டுவித்தார். நேற்றுவரை பகைவராயிருந்த ஆங்கிலேயரே சென்னையினின்று நல்ல தொலைநோக்கி ஒன்றனை இவருக்கு அனுப்பினர். அரசுகள் பொருதாலும் வானநூலார் பொருவதில்லை போலும்!

இக்காலத்தில்தான் தமிழர் வானநூல் அவர் கருத்தைக் கவர்ந்தது. நம் நாட்டுக் கணிதர் கோள்களின் நிலையை மனப்பாடமான வாக்கியங்களாற் கணிப்பர். எழுதுகோலும் ஏடும் வேண்டா. சோழிகளைத் தரையிற் பரப்பியும் நீக்கியும் எண்ணுவர். 1765-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தமிழர் ஒருவர் இம்முறையாற் கணித்துக்காட்ட, முக்கால் மணி நேரத்திற்குள் விடை வந்தது. கிரகணம் நின்ற கால அளவில் 41 விநாடியே பிழை. ஐரோப்பாவில் அந்நாள் மிகச் சிறந்தனவாகப் போற்றப்பட்ட மாயர் என்பாரின் அட்டவணைகள் 68 விநாடி பிழைபட்டிருந்தன. லெ ழாந்தி இதனை மறைத்தாரல்லர். பாரிசுக் கழகத்தார் அறிய எழுதினார். தமிழ் மாணவராகிய யாம் இவ்விடத்திற் சற்றே நின்று மகிழ்வதைப் படிப்போர் பொறுப்பாராக.

வீராம்பட்டினத்துக்கு அவர் சென்றதும் இக்காலத்தே. ஆற்றங்கரையிற் பெரிய செங்கற்களால் ஆகிய பழஞ்சுவர்களும் கிணறுகளும் வெளிப்பட்டிருக்கக் கண்டார். பரந்த மணல்வெளியின் நடுவே கருங்கற் சிலையொன்று இடுப்பளவு புதைந்து தனித்திருந்தது. அமர்ந்த கோலம், நீண்ட காது. சீயத்தில் வழிபடப்படும் உருவத்தின் முகமும் காதும் கைகளின் அமைதியுமே இதற்கும் உளவென்று அவர் கண்டார். தமிழர் சிலரை வினவினார். அவர்கள் அது பௌத்தர் தெய்வமென்றும், அதனை இப்போது எவரும் வழிபடுவதில்லை என்றும், அதன் விழாக்களெல்லாம் நெடுங்காலத்திற்கு முன்னரே நின்றொழிந்தன என்றும் விடை கூறினர். அரிக்கமேட்டை அடுத்த காக்காயந்தோப்பில் உள்ள சிலையே அவர் கண்டதென்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

இங்கே யாம் கதையைச் சிறிது நிறுத்துகின்றோம். அச்சிலைக்குரியவர் போதித்தது யாது? உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என ஐந்து கந்தங்களே மக்கள் எனப்படுவது. இவை கணந்தோறும் தோன்றியும் மறைந்தும் வருவன. இவற்றுக்குள்ளே மாறாத ஆன்மா ஒன்றில்லை என்பது. தமிழில் இதனை மணிமேகலை விளங்க உரைக்கின்றது. நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, யவன மன்னன் மிலிந்தனுக்குத் தேரைக் காட்டி இதனை விளக்கினார் என்பர். சக்கரம் தேரன்று, அச்சும் தேரன்று, நுகமும் தேரன்று, எல்லாம் கூடியவழித் தேரென்று ஒரு பெயர் மட்டும் வழங்குகின்றது. ‘நான்’ என்பதும் அத்தகையதோர் பெயரே.

லெ ழாந்தியின் நாட்டவராகிய தேக்கார்த்துவோ நேர் எதிரான முடிபு கொண்டவர். எல்லாவற்றையும் ஐயுறலாம், ஐயுறுகின்ற நான் உளேன் என்பதை மட்டும் ஐயுறுதல் கூடாது, நினைப்பதையே இயல்பாகவுடைய அப்பொருள் உடம்பின் வேறாயது என்று 1637-இல் வெளியிட்ட நூலில் அவர் கூறினார். ஒரு நூற்றாண்டின்பின் ஸ்காத்லாந்து அறிஞர் ஹியூம் தம் உள்ளத்தினுள்ளே நோக்கியபோது வெம்மை, தண்மை, இன்பம், துன்பம் முதலிய உணர்ச்சிகளைக் கண்டாரேயன்றி, அவற்றையுடைய ஒருவனைக் காணவில்லை. வீராம்பட்டினத்துச் சிலையைப் பற்றி ஒன்றும் அறியாமலே அச்சிலைக்குரியவரின் பக்கத்தில் அவர் வந்து நின்றுவிட்டார். லெ ழாந்தி இவற்றையெல்லாம் மணல்வெளியில் நின்று எண்ணினார் என்று யாம் கூறவில்லை. அவர் சிலையின் முகத்தையும் காதையும் நோக்கினார், பெயரைக் கேட்டார், குறித்துக்கொண்டார். அவருக்கு அப்போது கவலை வேறு.

1769 சூன் 4-ஆம் நாள் விடியற்காலையிற் புதுச்சேரியில் அக்காட்சி தோன்றவிருந்தது. மே மாதம் முழுதும் காலைப்பொழுதுகள் தெளிவாயிருந்தன. சூன் 3-ஆம் நாள் மாலையும் வானில் குறையில்லை. நள்ளிரவு கழிந்து விழித்தெழுந்தார். வானம் முகிலால் மூடிக்கிடந்தது. காற்றெழுந்தது, விலகவில்லை. ஞாயிறு எழுந்தது, வெள்ளி அதன் முகத்தைக் கடந்தது, இவர் கண்டது வெண்முகில் ஒன்றே. எல்லாம் முடிந்த சிறிது நேரத்தில் ஞாயிறு வெளிப்பட்டு, அன்று முழுதும் காய்ந்தது. அவர் விட்டு வந்த மணிலாவிலோ அக்காலை முகிலின்றி இருந்தது என்று பின்னர் அறிந்தார். இரு வாரகாலம் அவருக்கு எழுதுகோலை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தபோதும் கையினின்று நழுவிற்று.

ஒன்பதாண்டாக அவரை யாரென்று வினவியிருப்பின், வெள்ளியைக் காணவந்தவர் என்றே விடை வந்திருக்கும். அன்று காலை அவ்விடை அற்றுப்போயிற்று. அப்போது எஞ்சியவர் யார்?

1770 மார்ச்சில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். வயிற்றுக்கடுப்பு நோய் அவரை வாட்டியது. மொரீசியசில் நெடுநாட் கிடந்தார். ஏறிய கப்பல் ஆபிரிக்கத் தென்முனைக்கருகே புயலிற் சிதைந்து மீண்டும் மொரீசியசுக்கே வந்தது. பின்பு இசுபானியப் போர்க்கப்பல் ஒன்றில் ஏறிக் காதிசுத் துறைமுகத்தில் இறங்கினார். கடலை இனி நம்புவதில்லை என்பது போலத் தரைவழியே பிரனீசு மலையைக் கடந்து, 1771 அக்டோபர் 8-ஆம் நாள் தாய்நாட்டு மண்ணை மிதித்தார். புறப்பட்டுப் பதினோராண்டும் ஆறு திங்களும் பதின்மூன்று நாளும் ஆகியிருந்தன.

அங்கே அவர் இறந்துவிட்டார்! எழுதிய கடிதங்கள் உரியாரைச் சேரவில்லை. இறந்தார் என்னும் வதந்தியே சேர்ந்தது. உறவினர் அவர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். பொருளைக் காத்துவந்த முகவர் பணம் களவுபோயிற்று என்றார். வழக்குத் தொடுத்த லெ ழாந்தி தோற்று, வழக்குச் செலவையும் கொடுக்க நேர்ந்தது. அறிவியற் கழகத்தில் அவரிருந்த இருக்கை வேறொருவர்க்குச் சென்றிருந்தது. மனைவியும் வேறொருவரை மணந்துகொண்டார் என்று சிலர் கதை கட்டி எழுதுவர். அது பொய், அவர் அதுவரை மணம் புரிந்தவரல்லர். துன்பம் போதாதென்று கதைசொல்வார் தாமும் சிறிது சேர்க்கின்றனர்.

கடற்கரைக் குப்பங்களில் இத்தகைய நிலை புதிதன்று. மீன் பிடிக்கச் சென்றவன் மீளாவிடின், உடல் கரைசேரும்வரை தாய் அவனை இறந்தவன் என்று சொல்ல ஒருப்படாள். சட்டமோ ஒரு கணக்கு வைத்துள்ளது. உயிரோடிருந்தால் இயல்பாகச் செய்தி பெறவேண்டியவர் ஏழாண்டு ஒன்றும் கேள்விப்படவில்லையாயின், அவர் உயிரோடுள்ளார் என்பார்தாம் அதனை மெய்ப்பித்தல் வேண்டும் என்பது நம் நாட்டுச் சாட்சியச் சட்டம். ஒருவனுடைய ‘நான்’ அவன் நெஞ்சுக்குள் மட்டும் இல்லை. பாதி அயலார் வாயிலும் ஏட்டிலும் கிடக்கின்றது என்பதை இவை காட்டுகின்றன.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் லாக்கு இதனை ஒருவாறு உணர்ந்திருந்தார். அன்றிருந்தவனும் இன்றிருப்பவனும் ஒருவனே என்பதற்குச் சான்று உடம்பன்று, உயிர்ப்பொருளுமன்று, முன் செய்ததைத் தன் செயலென உணரும் நினைவே என்று 1694-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பிற் சேர்த்த அதிகாரத்தில் அவர் வாதித்தார். ஆள் என்னும் சொல்லே நீதிமன்றத்துக்கு உரியது, புகழும் பழியும் சாரவேண்டிய இடத்தைச் சுட்டுவது என்றும் கண்டார். லெ ழாந்தியிடம் நினைவு குறைவின்றி இருந்தது; பதினோராண்டின் நாட்குறிப்பும் கையிலிருந்தது. ஆனால் அவர் இருக்கையை வேறொருவர்க்கு அளித்தோரிடம் அந்நினைவு இல்லையே! தான் அறிந்த ‘நானும்’ பிறர் அறிந்த ‘நானும்’ பிரிந்துவிட்டால் எது மெய் என்பதற்கு லாக்கின் நூல் தெளிவான விடை தருவதாக எமக்குத் தோன்றவில்லை.

புத்தர் வழியினர் யாது கூறுவர்? 1760-இற் சென்றவரும் 1771-இல் வந்தவரும் ஒருவருமல்லர், வேறுமல்லர். முதற்சாமத்து விளக்கின் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் போல்வர் என்பர். அழகிய உவமைதான். பலநாள் யாம் அதனோடு போராடினோம். சுடர் எதனையும் வாக்களிப்பதில்லை. லெ ழாந்தி அளித்தார். காண்பேன் என்று 1761-இல் உறுதிகொண்டவர் ஒருவர், 1769-இல் முகிலின்கீழ் நின்று மனமுடைந்தவர் வேறொருவர் என்றால், அம்மனமுடைவுக்கே பொருளில்லை. ஆன்மாக் கணக்கொப்புவிக்க வேண்டியது என்னும் நம்பிக்கையில் வளர்ந்த எமக்கு இவ்விடத்தைக் கடத்தல் இயலவில்லை. பௌத்தர் வினைத்தொடர்ச்சி என ஒன்றை இதற்கு மறுமொழியாகக் காட்டுவர் என்பதையும், அதனை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

1772-இல் கழகம் அவரை மீண்டும் தன் உறுப்பினராக ஏற்றது. அவர் மணம் புரிந்தார். ஒரு மகளைப் பெற்றார். இளமையிற் பணிசெய்த அதே வானாய்வுக்கூடத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தார். இந்தியக் கடல்களில் தாம் சென்றுவந்த வரலாற்றை இரண்டு பெருந்தொகுதிகளாக 1779-இலும் 1781-இலும் வெளியிட்டார். காண முடியாத காட்சிக்காகச் சென்றவர் கண்டவையெல்லாம் அவற்றில் உள்ளன: காற்று, கரை, சோழிக் கணிதம், வீராம்பட்டினத்துச் சிலை. தம் தோல்வியையும் அவர் மறையாமல் அவற்றில் எழுதினார். உலகம் அதனை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, முகிலால் ஏமாந்தவர் என்று அவரை அழைக்கின்றது. இந்த ‘நான்’ அவர் தேர்ந்துகொண்டதன்று.

1792 அக்டோபர் 22-ஆம் நாள் லெ ழாந்தி காலமானார். பிரான்சில் முடியாட்சி ஒழிந்து அப்போது ஒரு திங்களே ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்த அறிவியற் கழகமே கலைக்கப்பட்டது; அவர் மீளப்பெற்ற இருக்கை எவர்க்கும் இல்லாமற் போயிற்று. பின்னாளில் அறிஞர் நிலவின்மீதுள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை இட்டனர். வெள்ளி மீண்டும் ஞாயிற்றைக் கடந்தது 1874 திசம்பரில். அவ்வாண்டில் சென்னை வானாய்வுக்கூடத்தில் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார், வரவிருந்த அக்காட்சியைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். லெ ழாந்தி எம்மொழியினரிடம் சோழிக் கணக்கைக் கேட்டறிந்தாரோ, அம்மொழியிலும் அது வெளிவந்தது.